கார்டுக் கடை வைக்கலாமா? வாங்கும் மேசையிலிருந்து ஒரு பதில்

பத்து வயதிலிருந்து பேஸ்பால், பாஸ்கெட்பால் வீரர்களின் படம் அச்சிட்ட கார்டுகளைச் சேர்க்கிறீர்கள். கையில் 20,000 கார்டுகளுக்கு மேல் இருக்கின்றன, கொஞ்சம் சேமிப்பும் இருக்கிறது. வேலையை விட்டுவிட்டுக் கார்டுக் கடை திறக்கலாமா, எதை விற்றால் லாபம் என்று கேட்டிருக்கிறீர்கள். பல வருடம் அந்தக் கல்லாவுக்குப் பின்னால் நின்றவன் என்ற முறையில் சொல்கிறேன். கேள்வியின் இரண்டாம் பாதியைத் திருப்பிப் போடுங்கள். நல்ல கார்டை விற்பது பெரிய காரியமில்லை, அதற்கு எப்போதும் ஆள் உண்டு. எதை, யாரிடமிருந்து, என்ன விலைக்கு வாங்குகிறீர்கள் என்பதில்தான் கடை நிற்கிறது.

முதலில், கார்டு பேக்கெட்டுகள் அடங்கிய சீல் பிரிக்காத பாக்ஸ்களைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கடை வைக்க நினைக்கிற எல்லோரும் இதைத்தான் முதலில் கணக்குப் போடுகிறார்கள். மொத்த விலைக்கு எடுக்கிறோம், சில்லறை விலைக்கு விற்கிறோம், நடுவில் நிற்பது லாபம். நடைமுறை அப்படி இல்லை. டிஸ்ட்ரிபியூட்டர் உங்களுக்கு எத்தனை கேஸ் (பல பாக்ஸ் அடங்கிய பெட்டி) ஒதுக்குவார் என்பதை நீங்கள் போன வருடம் எவ்வளவு எடுத்தீர்கள் என்பதுதான் தீர்மானிக்கிறது. எல்லோரும் தேடுகிற சரக்கு வேண்டுமென்றால் யாரும் சீண்டாத சரக்கையும் சேர்த்து எடுக்க வேண்டியிருக்கும். புதுக் கடைக்குப் பழைய கணக்கு ஏது? ஆக, ஓடுகிற சரக்கு இரண்டு பாக்ஸும் ஓடாத சரக்கு இருபது பாக்ஸுமாக வந்து சேரும். அந்த ஓடாத இருபதை ஆன்லைனில் யாராவது வந்த வாரமே அடக்க விலைக்குக் கீழே தள்ளிவிட்டிருப்பார்கள். உங்கள் பணம் அலமாரியில் முடங்கிக் கிடக்கும்.

சரக்கு வரும் வாசலும் குறுகிக்கொண்டே போகிறது. பேஸ்பால் கார்டுக்குப் பெயர்போன டாப்ஸ் நிறுவனத்தின் கார்டு வியாபாரத்தை ஃபனாட்டிக்ஸ் என்ற விளையாட்டுப் பொருள் நிறுவனம் 2022 ஜனவரியில் வாங்கியது. பல வருடம் பனினி நிறுவனத்திடம் இருந்த என்.பி.ஏ. (அமெரிக்க பாஸ்கெட்பால் லீக்) கார்டு உரிமம் 2025-26 சீசனிலிருந்து டாப்ஸ் பக்கம் வந்துவிட்டது. ஹாக்கி இன்னும் அப்பர் டெக் நிறுவனத்திடம் இருக்கிறது. ஆனால் பேஸ்பால், பாஸ்கெட்பால் இரண்டுக்கும் ஒரே கையை எதிர்பார்த்து நிற்கும் கடைக்காரருக்குப் பேரம் பேச இடமே கிடையாது. பாக்ஸ் வையுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. பேக்கெட் பிரிக்கும் சத்தம் கேட்காத கார்டுக் கடைக்கு ஆள் வர மாட்டார்கள். அதை ஆளைக் கடைக்குள் வரவைக்கும் செலவாக நினைத்துக்கொள்ளுங்கள். வாடகையை அதிலிருந்து எதிர்பார்க்காதீர்கள்.

இதில் கையைச் சுட்டுக்கொண்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். 2020-இல் எல்லோரும் வீட்டில் அடைந்து கிடந்தபோது கார்டு விலைகள் ஏறின ஏற்றம் உங்களுக்கும் நினைவிருக்கும். ஃபிளீர் நிறுவனத்தின் 1986-87 செட்டில் வந்த மைக்கேல் ஜோர்டன் ரூக்கி கார்டு (புதுமுகக் கார்டு), பி.எஸ்.ஏ. 10 தரத்தில் (கார்டின் நிலையைப் பார்த்துத் தரம் போடும் நிறுவனம் பி.எஸ்.ஏ., 10 என்பது உச்சம்), 2021 ஜனவரி கடைசியில் 7,38,000 டாலருக்கு ஏலம் போனது. ஒன்றல்ல, ஒரே ஏலத்தில் இரண்டு பிரதிகள். அந்த மார்ச்சில் கிரேடிங்குக்கு, அதாவது தரம் போட, வந்து குவிந்த கார்டுகளைச் சமாளிக்க முடியாமல் பி.எஸ்.ஏ. தன் பெரும்பாலான சேவைகளைத் தற்காலிகமாக நிறுத்தியது. மே மாதம் அமெரிக்கப் பெருங்கடைச் சங்கிலியான டார்கெட்டில் கார்டு விற்பனையையே கொஞ்ச காலம் நிறுத்திவைத்தார்கள், விஸ்கான்சினில் ஒரு கடை வாசலில் கார்டுக்காக நடந்த கைகலப்புக்குப் பிறகு. அந்த மாதங்களில்தான் பலர் கடை திறந்தார்கள். அடுத்த ஆண்டே அதே ஜோர்டன், அதே தரத்தில், உச்சவிலையில் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கியது. உச்சத்தில் வாங்கிய சரக்கை வைத்துக்கொண்டு கடை திறந்தவர்களில் பலர் இப்போது இந்தத் தொழிலில் இல்லை. அவர்களுக்கு விற்கத் தெரியாமல் இல்லை. வாங்கிய விலை அவர்களை விற்க விடவில்லை.

சரி, வாங்குவது என்றால் என்ன? ஒரு நாளைச் சொல்கிறேன்.

ஒரு அம்மா வந்தார், எழுபது வயதுக்கு மேல் இருக்கும். காரின் பின்பக்கத்தில் நீளமான வெள்ளை அட்டைப் பெட்டிகள் ஏழு. மகன் சிறுவனாக இருந்தபோது சேர்த்தவை. மகன் வேறு ஊருக்குப் போய்விட்டான், வீட்டை விற்கப் போகிறார்கள், முப்பது வருடமாக ஈரம் படாமல் வைத்திருக்கிறேன் என்றார். பெட்டியைத் திறந்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது: 1988 டான்ரஸ், 1989 டாப்ஸ், 1990 ஃபிளீர், 1991 ஸ்கோர் என்று அந்தந்த வருடம் அந்தந்த நிறுவனம் அச்சடித்த பேஸ்பால் கார்டுகள். ஒவ்வொன்றும் அச்சகத்திலிருந்து நேற்று வந்தது போலப் புத்தம் புதிதாக இருந்தன. ஏறக்குறைய எதற்கும் விலை இல்லை.

இதைப் புரியவைக்கக் கொஞ்சம் பழைய கதை வேண்டும். பேஸ்பால் கார்டில் பல காலம் டாப்ஸ் ஏறக்குறைய தனிக்காட்டு ராஜா. அதை எதிர்த்து ஃபிளீர் தொடுத்த வழக்கில் 1980-இல் ஃபிளீருக்குச் சாதகமாக ஒரு தீர்ப்பு வந்தது. மறு வருடமே ஃபிளீரும் டான்ரஸும் களத்தில் இறங்கின. பிறகு ஸ்கோர், 1989-இல் அப்பர் டெக். பழைய கார்டு விலைகள் ஏறுவதைப் பார்த்த பெற்றோர் பிள்ளைகளின் கல்லூரிச் செலவுக்கென்று கேஸ் கேஸாக வாங்கி வைத்தார்கள். கேட்கக் கேட்க நிறுவனங்களும் அச்சடித்துத் தள்ளின. யாரும் எதையும் தூக்கி எறியவில்லை. அதனால்தான் அந்தக் காலத்துக்கு இங்கே ஜங்க் வாக்ஸ் (குப்பை மெழுகுப் பேக்கெட்) காலம் என்றே பெயர் வந்துவிட்டது. இதற்கு நேர் எதிர் 1952 டாப்ஸ். அந்த செட்டை வடிவமைத்த சை பெர்கர், விற்காமல் கிடங்கில் தங்கிப்போன கார்டுகளை 1960-இல் படகில் ஏற்றிக் கடலில் கொட்டியதாக அவரே சொல்லியிருக்கிறார். அதே செட்டில் வந்த, பேஸ்பால் நட்சத்திரம் மிக்கி மேன்டிலின் கார்டு ஒன்று 2022 ஆகஸ்டில் 1.26 கோடி டாலருக்கு விற்றது.

அந்த அம்மாவிடம் இதையெல்லாம் நின்று நிதானமாகச் சொன்னேன். இந்தப் பெட்டிகளைக் கொஞ்சப் பணம் கொடுத்து நான் எடுத்துக்கொள்ளலாம், ஆனால் இவற்றில் உங்களுக்குப் பெரிதாக எதுவும் தேறாது, பேரப்பிள்ளைகள் இருந்தால் கொடுத்துவிடுங்கள் என்றேன். முகம் வாடிப்போயிற்று. கிளம்பும்போது கைப்பையிலிருந்து ஒரு சின்னத் தகர டப்பாவை எடுத்து, இது அவன் அப்பாவோடது, பழசு, கசங்கியிருக்கு, சும்மா பாருங்க என்று வைத்தார்.

உள்ளே இருபது இருபத்தைந்து கார்டுகள் இருந்தன. மூலைகள் எல்லாம் உருண்டு, ரப்பர் பேண்ட் அழுத்திய பள்ளத்தோடு. நான்காவதாக வந்தது குறுக்குவாட்டில் அச்சான ஒரு கார்டு. எடுத்து வழக்கமான பென்னி ஸ்லீவில் (மெல்லிய பிளாஸ்டிக் உறை) போடப் பார்த்தேன், நுழையவில்லை. டாப்ஸ் இப்போதைய இரண்டரைக்கு மூன்றரை அங்குல அளவுக்கு வந்தது 1957-இல்தான். அதற்கு முந்தைய ஐந்து வருடக் கார்டுகள் கொஞ்சம் பெரியவை. 1955 டாப்ஸ், எண் 164, பேஸ்பால் ஜாம்பவான் ராபர்டோ கிளமென்டேயின் ரூக்கி கார்டு. விளக்கின் கீழே சாய்த்துப் பிடித்தபோது நடுவில் மெல்லிய மடிப்பு ஒன்று ஓடியது. பின்பக்கம் யாரோ பென்சிலால் ஒரு எண் எழுதியிருந்தார்கள். அத்தனை காயத்தோடும் அந்த ஒரு கார்டு மேசைமேல் இருந்த ஏழு பெட்டிகளையும் விடப் பல மடங்கு பெறும்.

அந்த டப்பாவை நான் என்ன விலைக்குக் கேட்டிருந்தாலும் அவர் கொடுத்திருப்பார். அடிமாட்டு விலைக்குக் கேட்டு வாங்குகிற கடைக்காரர்கள் இருக்கிறார்கள், இல்லாமல் இல்லை. நான் கணினித் திரையைத் திருப்பி, அதே நிலையில் உள்ள கிளமென்டே கடந்த சில வாரங்களில் விற்ற விலைகளைக் காட்டினேன். அதில் 65 சதவீதம் தருவேன், மீதியில் என் விற்பனைக் கட்டணமும் வாடகையும் லாபமும் அடங்கும், நீங்களே ஏலத்துக்கு அனுப்பினால் கூடவும் கிடைக்கலாம், ஆனால் சில மாதங்கள் ஆகும் என்று காகிதத்தில் எழுதிக் கொடுத்தேன். வீட்டுக்குப் போய் மகனிடம் பேசிவிட்டு இரண்டு நாள் கழித்து வந்து விற்றார். அடுத்த இரண்டு வருடத்தில் அவருக்குத் தெரிந்த மூன்று குடும்பங்கள் தங்கள் சேகரிப்பை என்னிடம் கொண்டுவந்தன. அதில் ஒரு சேகரிப்பிலிருந்தே எனக்கு அந்த வருடத்து வாடகை முழுதும் வந்துவிட்டது. விளம்பரத்துக்கு எவ்வளவு செலவழித்தாலும் அந்தச் சரக்கு என் மேசைக்கு வந்திருக்காது.

மேலே சொன்ன மேன்டில் கார்டின் பின்னாலும் இதே சங்கதிதான் இருக்கிறது. 1980-களில் ஆலன் ரோசன் என்ற வியாபாரி, மிஸ்டர் மின்ட் என்ற பெயரில், ரொக்கமாக வாங்குகிறேன் என்று ஓயாமல் விளம்பரம் செய்துகொண்டிருந்தார். 1986-இல் பாஸ்டன் பக்கத்திலிருந்து அழைப்பு வந்தது. போய்ப் பார்த்தால் கை படாத 1952 டாப்ஸ் குவியல். அந்தக் குவியலிலிருந்து வந்த மேன்டில் ஒன்றை 1991-இல் அவர் 50,000 டாலருக்கு விற்றார். அதுதான் பிறகு 1.26 கோடிக்குப் போனது. கார்டு கையில் கிடைத்த ஒருவருக்கு முதலில் நினைவுக்கு வந்த பெயர் ரோசனுடையதாக இருந்தது. உங்கள் ஊரில் அந்தப் பெயர் உங்களுடையதாக இருக்க வேண்டும்.

விலை போடுவதற்கு வருவோம். ஆன்லைனில் ஒருவர் கேட்கும் விலையை விலையாகவே எடுத்துக்கொள்ளாதீர்கள். யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் கேட்கலாம். விற்று முடிந்த விலைகளை மட்டும் பாருங்கள். அதிலும் இபேயில் பேரத்துக்குப் போன கார்டுக்குக் கோடு போட்ட பட்டியல் விலைதான் தெரியும், உண்மையில் கைமாறிய தொகை அதற்குக் கீழே இருக்கும். கடைசி ஐந்து விற்பனையைப் பார்த்து, மேலே ஒன்றையும் கீழே ஒன்றையும் தள்ளிவிட்டு நடுவில் உள்ளதை எடுத்துக்கொள்வேன். விற்பனைக் கட்டணமே சுமார் 13 சதவீதம் போய்விடும், தபாலும் உறையும் தனி. ஆகவே ஒரு வாரத்தில் விற்றுவிடும் என்று தெரிந்த கிரேடிங் செய்த நட்சத்திர வீரர் கார்டுக்கு 75, 80 சதவீதம்கூடக் கொடுப்பேன். ஆறு மாதம் கிடக்கும் என்று தோன்றினால் 50. ஐந்து டாலருக்குக் கீழே போகும் கார்டுகளை ஒவ்வொன்றாக எண்ணி விலை போட்டால் நேரம்தான் போகும். அவற்றைக் குவியலாகத்தான் வாங்க வேண்டும்.

பருவமும் பார்க்க வேண்டும். சீசன் தொடங்குவதற்கு முந்தைய வாரங்களில் இளம் வீரர்களின் கார்டுகள் கிடுகிடுவென ஏறும். ஒரு முழங்கால் காயம் வந்தால் ஒரே இரவில் பாதியாகும். பேஸ்பாலை டிசம்பரில் வாங்கி மார்ச்சில் விற்பதை எல்லோரும் செய்வதால் இப்போது அதிலும் பெரிய இடைவெளி இல்லை. ஓய்வுபெற்றுப் புகழ் நிலைத்துவிட்ட வீரர்களில் பணத்தைப் போடுவதுதான் எனக்கு நிம்மதியான தூக்கம் தந்தது.

இனி போலிகள். ஜோர்டன் ஃபிளீர் என்று கிரேடிங் செய்யாத வெறும் கார்டாக ஒன்று மேசைக்கு வந்தால், அதைப் போலி என்று நினைத்துக்கொண்டே பார்க்கத் தொடங்குங்கள். அவ்வளவு போலிகள் அந்தக் கார்டுக்கு உண்டு. அதே 132 கார்டு செட்டிலிருந்து விலை குறைந்த சாதாரண கார்டுகள் நான்கைந்தை எப்போதும் இழுப்பறையில் வைத்திருந்தேன். வந்ததைப் பக்கத்தில் வைத்தால் அட்டையின் கனம், பின்பக்க நிறம், வெட்டின் விளிம்பு எல்லாம் தானாகப் பேசும். அப்புறம் 10 மடங்கு லென்ஸ். அசல் ஆஃப்செட் அச்சில் படப் பகுதி மட்டும் பூப்போலச் சேர்ந்த புள்ளிகளாக இருக்கும். ஒரே நிறத்தில் அடித்த எழுத்தும் கோடும் உடையாமல் திடமாக நிற்கும். அசலை ஸ்கேன் செய்து அடித்த போலியில் எழுத்தின் விளிம்பும் புள்ளிகளாகச் சிதறித் தெரியும். ஒருமுறை கண் பழகிவிட்டால் இது பத்து வினாடி வேலை.

போலியைவிடக் கஷ்டமானது வெட்டிய கார்டு. கார்டு அசல்தான். தேய்ந்த ஓரத்தை ஒரு மயிரிழை சீவி மூலையைக் கூர்மையாக்கியிருப்பார்கள். இதற்கு மிகப் பெரிய உதாரணம் இந்தப் பொழுதுபோக்கின் மிகப் பிரபலமான கார்டே. சிகரெட் பாக்கெட்டோடு 1909 முதல் 1911 வரை வந்த டி206 வரிசையில் பேஸ்பால் வீரர் ஹோனஸ் வாக்னரின் கார்டு ஒன்றை, ஹாக்கி வீரர் வேய்ன் கிரெட்ஸ்கியும் அவருடைய அணி உரிமையாளர் புரூஸ் மெக்நாலும் 1991-இல் 4,51,000 டாலருக்கு வாங்கினார்கள். அதற்கு பி.எஸ்.ஏ. 8 தரம் கொடுத்தது. அதன் ஓரங்களைத் தான் வெட்டியதாக பில் மாஸ்ட்ரோ என்ற ஏல நிறுவன உரிமையாளர் 2013-இல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். ஆகவே தரம் போட்டு மூடிய பிளாஸ்டிக் ஸ்லாபுக்குள் இருக்கிறது என்பதற்காகக் கண்ணை மூடிக்கொள்ளக் கூடாது. ஸ்லாபிலும் போலி உண்டு. சான்றிதழ் எண்ணை நிறுவனத்தின் தளத்தில் போட்டுப் பாருங்கள், அங்கே படம் இருந்தால் கையில் இருப்பதோடு ஒவ்வொரு கறையாக ஒப்பிடுங்கள்.

நான் அடிபட்டது வேறொரு இடத்தில். தொடக்கத்தில் ஒருவரிடம் பழைய பேக்கெட்டுகள் ஒரு பாக்ஸ் வாங்கினேன், நன்றாகப் பழகியவர்தான். அதை ஒரு அப்பாவுக்கும் மகனுக்கும் விற்றேன். கடையிலேயே பிரித்தார்கள். ஒரு நட்சத்திர வீரர்கூட வரவில்லை. உறையின் பின்மடிப்பை அப்போதுதான் கவனித்துப் பார்த்தேன். மெழுகு உருகி ஒட்டிய தடத்துக்குப் பக்கத்திலேயே இன்னொரு தடம். பிரித்து, நல்லதை எடுத்துவிட்டுத் திரும்ப ஒட்டியது. பணத்தை அன்றே திருப்பிக் கொடுத்தேன். அந்தப் பையன் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றது இன்னும் கண்ணில் இருக்கிறது. அதற்குப் பிறகு பிரிக்காத பழைய பேக்கெட்டை, தனியாக யாராவது சரிபார்த்துச் சான்று தராமல், நான் விற்றதே இல்லை.

கிரேடிங்கைப் பற்றிப் பலரும் ஏதோ பொற்சுரங்கம் போலப் பேசுகிறார்கள். கணக்கு எளிது. கட்டணம், தபால், காத்திருக்கும் மாதங்கள் மூன்றையும் கூட்டுங்கள். புதுக் கார்டுக்கு 10 வந்தால் லாபம், 9 வந்தால் பெரும்பாலும் போட்ட காசு வருவதே கஷ்டம். ஆகவே 10 வரும் என்று நீங்களே நம்பும் கார்டைத்தான் அனுப்ப வேண்டும். முன்பக்கம் படத்தைச் சுற்றியுள்ள எதிரெதிர் ஓரங்களின் அகலம் ஏறக்குறைய 55-45 விகிதத்துக்குள் நிற்க வேண்டும், நான்கு மூலையும் லென்ஸில் வெள்ளை காட்டக் கூடாது, மேற்பரப்பில் அச்சுக்கோடு இருக்கக் கூடாது. முதல் வருடம் நான் அவசரத்தில் 60 கார்டுகளை மேலோட்டமாகப் பார்த்து அனுப்பி, 41 ஒன்பதுகளைத் திரும்பப் பெற்றேன். அந்தப் பணம் போனது போனதுதான். அப்புறம் ஒவ்வொரு கார்டையும் விளக்கின் கீழே இருபது வினாடியாவது சாய்த்துச் சாய்த்துப் பார்க்காமல் அனுப்பியதில்லை. வாடிக்கையாளர்களின் கார்டுகளைச் சேர்த்து அனுப்பிக் கொடுக்கும் சேவை நல்ல வரும்படி. ஆனால் அனுப்பும் முன் இது 10 வராது, காசை மிச்சம் பண்ணுங்கள் என்று சொல்லத் தெரிய வேண்டும். அப்படிச் சொன்னால் இன்றைய கட்டணம் போகும், ஆள் திரும்ப வருவார்.

இப்போதைய சேகரிப்பாளர்கள் துரத்துவது என்ன என்பதும் உங்களுக்குத் தெரிந்ததே. 1990-இல் அப்பர் டெக், பேஸ்பால் வீரர் ரெஜி ஜாக்சன் கையெழுத்திட்ட 2,500 கார்டுகளைப் பேக்கெட்டுகளுக்குள் ஒளித்து வைத்தது. 1993-இல் டாப்ஸ் ஃபைனஸ்ட் வரிசையில், ஒளியில் வானவில்லாக மின்னும் ரிஃப்ராக்டர் கார்டு வந்தது. 1997-இல் ஃபிளேர் ஷோகேஸ், உலகத்தில் ஒரே ஒரு பிரதி என்று கார்டு அச்சடித்தது. அன்றிலிருந்து மக்கள் பாக்ஸ் வாங்குவது அந்த ஒன்றிரண்டு கார்டுக்காக. மீதி நூறு கார்டையும் உங்கள் மேசையிலேயே விட்டுவிட்டுப் போவார்கள். கடை மெதுவாகச் சாதாரண கார்டுகளால் நிரம்பும். இவற்றை வீசாதீர்கள். அணிவாரியாகப் பிரித்து, ஒரு டாலர் பெட்டி, கால் டாலர் பெட்டி என்று வாசல் பக்கத்தில், சிறுவர்களுக்கு எட்டும் உயரத்தில் வையுங்கள். சனிக்கிழமை காலை ஐந்து டாலரோடு வரும் பிள்ளை தரையில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் தேடும். தன் அணியின் ஷார்ட்ஸ்டாப் ஆட்டக்காரர் கிடைத்ததும் அதன் முகத்தைப் பாருங்கள். எந்தப் பெரிய விற்பனையும் எனக்கு அந்த மகிழ்ச்சியைத் தந்ததில்லை. அந்தப் பிள்ளைக்கு ஸ்லீவும் டாப் லோடர் என்ற கெட்டியான பிளாஸ்டிக் உறையும் விற்பீர்கள், சொல்லப்போனால் கடையில் நிலையான லாபம் தருவதே அந்தப் பிளாஸ்டிக் சாமான்கள்தான். டேப்பை நேராக டாப் லோடரில் ஒட்டாமல் எளிதாக உரியும் நீல டேப்பைப் பயன்படுத்தச் சொல்லிக் கொடுங்கள். பழைய பி.வி.சி. பக்கங்களில் கார்டு வைத்திருந்தால் மாற்றச் சொல்லுங்கள், அவை நாளாக ஆகப் படத்தில் ஒட்டிக்கொள்ளும்.

நேரலையில் பாக்ஸ் பிரித்து, எந்த அணியின் கார்டுகள் யாருக்கு என்று ஏலம் விடும் பிரேக் வியாபாரத்தில் இன்று பணம் புழங்குகிறது, மறுக்கவில்லை. என் கருத்து இதுதான்: அதில் பலர் வாங்குவது கார்டை அல்ல, அந்த ஒரு நிமிடப் படபடப்பை. மாதச் சம்பளத்தை அதில் கரைத்தவர்களை நேரில் பார்த்திருக்கிறேன். நீங்கள் செய்வதானால் பாக்ஸ் பிரிப்பது முழுக்கக் கேமராவில் தெரியட்டும், சிறுவர்களைச் சேர்க்காதீர்கள், கடையின் பிழைப்பை அதன்மேல் வைக்காதீர்கள்.

சட்ட வேலைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பழைய பொருள் வாங்கி விற்க அமெரிக்காவின் பல ஊர்களில் தனி உரிமம் வேண்டும், திறப்பதற்கு முன் நகராட்சியில் கேளுங்கள். மறுவிற்பனைச் சான்றிதழ் இருந்தால்தான் டிஸ்ட்ரிபியூட்டர் கணக்கே தருவார். சாதாரணக் கடைக் காப்பீடு கார்டுகளின் மதிப்பை முழுதாக ஈடுகட்டும் என்று நம்பிவிடாதீர்கள், சேகரிப்புப் பொருள் வியாபாரிகளுக்கென்று தனிக் காப்பீடு உண்டு. விற்க வருபவரின் அடையாள அட்டையைப் பார்த்துப் பதிவேட்டில் எழுதுங்கள். பெற்றோர் இல்லாமல் வரும் சிறுவரிடம் எதையும் வாங்காதீர்கள், அது அண்ணனுடைய கார்டாக இருக்கும், இல்லை திருடியதாக இருக்கும். இரவில் விலை கூடிய ஸ்லாபுகள் ஷோகேஸில் இருக்கக் கூடாது, பெட்டகத்துக்குள் போக வேண்டும்.

ஒரு விஷயம் உங்களுக்கென்று. நீங்கள் சேகரிப்பாளர். அதுதான் உங்கள் பலம், ஆபத்தும் அதில்தான். நல்ல கார்டு மேசைக்கு வரும்போதெல்லாம் இதை நானே வைத்துக்கொண்டால் என்ன என்று மனம் இழுக்கும். அப்படி வைத்துக்கொண்டே போனால் கடையின் மூலதனம் உங்கள் அலமாரிக்குள் போய்விடும். நான் ஒரே ஒரு விதி வைத்துக்கொண்டேன்: சொந்தத்துக்கு ஒரே ஒரு வீரர், அவரைத் தவிர மேசைக்கு வருவது எல்லாம் சரக்கு. கிளமென்டேயையும் விற்றேன். மனசு கேட்கவில்லை, ஆனாலும் விற்றேன்.

இப்போது உங்கள் கேள்விக்கு நேரடிப் பதில்: வேலையை இப்போதைக்கு விடாதீர்கள். அந்த 20,000 கார்டுகளை ஒரு மாதம் உட்கார்ந்து பிரியுங்கள். பெரும்பகுதி சாதாரண கார்டாகவே இருக்கும், அது டாலர் பெட்டிக்கு ஆகும். தனியாக விலை போடத் தக்கது சில நூறு தேறலாம். அதை வைத்துக்கொண்டு ஒரு வருடம் வார இறுதிக் கார்டு கண்காட்சிகளில் மேசை போடுங்கள். ஒரு மேசையின் வாடகை கடை வாடகைக்கு முன்னால் ஒன்றுமே இல்லை. விற்கும் கார்டுகளுக்கு மேலே தெளிவாக, கார்டுகள் வாங்கப்படும் என்று ஒரு பலகை வையுங்கள். ஒரு நோட்டு போட்டு, வாங்கிய தேதி, கொடுத்த விலை, விற்ற விலை, நடுவில் போன நாட்கள் நான்கையும் ஒன்று விடாமல் எழுதுங்கள்.

வருட முடிவில் அந்த நோட்டில் இரண்டைப் பாருங்கள். வாங்கியது சராசரியாக எத்தனை நாளில் பணமாகத் திரும்பியது? உங்களிடம் ஒருமுறை விற்றவர்களில் எத்தனை பேர் திரும்ப வந்தார்கள், அல்லது இன்னொருவரை அனுப்பினார்கள்? நாட்கள் அறுபதுக்குள் இருந்து, திரும்ப வந்தவர்கள் கையளவாவது இருந்தால், ஆறு மாத வாடகையைத் தனியே எடுத்து வைத்துவிட்டு இடம் பாருங்கள். ஷோகேஸ்களைப் பழையதாக வாங்கிக்கொள்ளலாம், மூடுகிற கடைகளில் மலிவாகக் கிடைக்கும். மேசை விளக்கையும் லென்ஸையும் மட்டும் முதல் கண்காட்சிக்குப் போவதற்கு முன்பே நல்லதாக வாங்கிவிடுங்கள்.